ஃபிரட்டர்னிட்டி உறவு ஆயுசுக்கும் வருமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கம் ஒன்றில் சேர அனுமதி கேட்பதாகவும், "இது நான்கு வருடத்தோடு முடிகிற விஷயம் இல்லை, ஆயுசுக்கும் வரும் உறவு" என்று சொல்வதாகவும், அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாச் சங்கங்களிலும் அது ஒரே அளவில் இல்லை. கல்லூரி நாட்களில் ஒரே வீட்டில் தங்கிக் கூத்தடித்தோம் என்பதற்காக மட்டும் ஒரு பிணைப்பு ஐம்பது ஆண்டுகள் நிலைப்பதில்லை. பட்டம் வாங்கி வேலை, குடும்பம் என்று ஆன பிறகும் அந்த மனிதரைக் கூட்டத்துக்கு அழைக்கவும், அவரிடம் சந்தா வசூலிக்கவும், பொறுப்பு கொடுத்து வேலை வாங்கவும், அவர் இறந்தால் வரிசையாக வந்து நிற்கவும் ஓர் அமைப்பு இருந்தால்தான் அது நிலைக்கும். அப்படிப்பட்ட அமைப்பை மிக உறுதியாகக் கட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் என்பது என் எண்ணம். ஆகவே பதிலின் பெரும்பகுதியை அவர்களுடைய சங்கங்களை வைத்தே சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த ஒருவரிலிருந்து தொடங்கலாம். 2020 ஆகஸ்ட் 19 அன்று ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ், தன் குடும்பம் என்று யார் யாரைக் கருதுகிறார் என்பதை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பட்டியலில் அவருடைய "சித்திகள்" இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது, அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் வரை கொண்டாட்டம் பரவியது. அதே மூச்சில் அவர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவையும் தன் குடும்பம் என்றார். அது ஒரு பெண்கள் சங்கம். ஃபிரட்டர்னிட்டிக்கு இணையான இத்தகைய பெண்கள் அமைப்புகளைச் சொரோரிட்டி என்பார்கள். அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986இல், அதில் சேர்ந்தவர். வேட்பாளராக அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே பிரசார நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரமான தொகையில் ஆயிரக்கணக்கான நன்கொடைகள் வரத் தொடங்கின. அந்தச் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு 1908. யாரும் உத்தரவு போடாமலே, ஊர் ஊராக இருந்த ஆசிரியைகளும் செவிலியர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற பாட்டிகளும் தாங்கள் யார் என்பதை அந்தத் தொகையிலேயே எழுதி அனுப்பினார்கள். ஒரு கல்லூரி மாணவி சேர்ந்த சங்கம் 34 ஆண்டுகள் கழித்து இப்படி வந்து நிற்கிறது என்றால், அதை வெறும் பழைய மாணவர் பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட முதல் மாணவர் சங்கமான ஃபை பீட்டா காப்பா 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கியது. அது பின்னாளில் தேர்ந்த படிப்பாளிகளுக்கான கௌரவ அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் அறிந்த வகை ஃபிரட்டர்னிட்டி, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கிய காப்பா ஆல்ஃபாவிலிருந்து கிளைத்தது. ரகசியச் சடங்கு, கைகுலுக்கும் முறை, சின்னம், சொந்த வீடு என்று அது வேகமாகப் பரவியது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும், பல இடங்களில் கத்தோலிக்கருக்கும், அந்தக் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. சில சங்கங்களின் விதிமுறைகளில் 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை இந்தத் தடை எழுத்திலேயே இருந்தது.

அந்த அடைப்பிலிருந்துதான் நம் கதை பிறக்கிறது. இதாகா நகரின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விடுதி கிடைக்காது, சேர்ந்து படிக்க ஆள் கிடைக்காது, ஒரு வருடம் வந்தவர்கள் அடுத்த வருடம் திரும்பி வராமல் போவதும் உண்டு. மிஞ்சியவர்கள் முதலில் ஒரு படிப்பு வட்டமாகக் கூடினார்கள். அவர்களில் சிலர் வெள்ளை மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டி வீடுகளில் உணவு பரிமாறிக் கல்லூரிச் செலவுக்குச் சம்பாதித்தவர்கள் என்பதால், அப்படி ஒரு வீடு ஒரு மாணவனுக்கு என்னவெல்லாம் தருகிறது என்பதைச் சாப்பாட்டு மேசைக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்திருந்தார்கள். 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் சேர்ந்து அந்த வட்டத்தை ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியாக அறிவித்தார்கள். அந்த எழுவரில் வெர்ட்னர் டாண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரானார். யூஜீன் கிங்கிள் ஜோன்ஸ் தேசிய அர்பன் லீக் என்ற கறுப்பினத்தவர் நல அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்தினார். ஹென்றி காலிஸ் மருத்துவராகி, 1974 வரை வாழ்ந்து, தாம் மாணவராகத் தொடங்கிய சங்கம் நாடெங்கும் பரவியதைக் கண்ணால் பார்த்தார்.

அவர்கள் செய்த பெரிய காரியம் கல்லூரிக் கிளைகளைப் பெருக்கியதில் இல்லை. 1911இல் கென்டக்கியின் லூயிவில் நகரில், படிப்பை முடித்துவிட்டவர்களுக்கென்று ஒரு தனிக் கிளையைத் தொடங்கினார்களே, அதுதான். வெள்ளை மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டிகளில் பட்டம் வாங்கியவர் பெரும்பாலும் விருந்தாளியாக மாறிவிடுகிறார். ஆண்டுக்கொரு முறை பழைய வீட்டைப் பார்க்க வருவார், காசோலை அனுப்புவார். கறுப்பினச் சங்கங்களிலோ பட்டம் வாங்கிய பிறகுதான் உண்மையான உறுப்பினர் வாழ்க்கை தொடங்குகிறது. வேலைக்காக எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் அங்கே ஒரு பட்டதாரிக் கிளை இருக்கும். மாதக் கூட்டம், ஆண்டுச் சந்தா, தேர்தல், குழுக்கள், கணக்கு வழக்கு, சண்டை சச்சரவு எல்லாம் உண்டு. கல்லூரியில் சேராமல் விட்டவர்கள்கூட நடுத்தர வயதில் பட்டதாரிக் கிளை வழியாகச் சேரலாம். மார்ட்டின் லூதர் கிங் இளநிலை மாணவராக இருந்தபோது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் உறுப்பினராகவில்லை. பாஸ்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த 1952ஆம் ஆண்டில்தான் சேர்ந்தார்.

ஆல்ஃபாவைத் தொடர்ந்து மற்றவை வந்தன. 1908இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1911இல் காப்பா ஆல்ஃபா சையும் ஒமேகா சை ஃபையும், 1913இல் டெல்டா சிக்மா தீட்டா என்று தொடங்கி, 1963இல் ஐயோட்டா ஃபை தீட்டாவோடு எண்ணிக்கை ஒன்பதானது. ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு நான்கு. இவற்றுக்கெல்லாம் பொதுவான கூட்டமைப்பு 1930இல் ஹோவர்டில் உருவானது; "டிவைன் நைன்" என்பது வழக்குப் பெயர்.

இந்தப் பட்டதாரிக் கிளைகள் என்ன செய்தன என்று பார்த்தால், "வாழ்நாள் தாக்கம்" என்று நீங்கள் கேட்டதன் எடை புரியும். மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து 1935இல் டொனால்ட் மரே தொடுத்த வழக்கைத் தொடங்கி வைத்தது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. அதில் வாதாடிய இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், அதே சங்கத்தின் உறுப்பினர். நிற வேற்றுமை காரணமாக அந்தச் சட்டக் கல்லூரி அவருக்கே மூடிக்கிடந்த ஒன்று. அவர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ரயில் உணவுப் பெட்டிகளில் கறுப்பினப் பயணிகளைத் திரை போட்டுப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து எல்மர் ஹென்டர்சன் தொடுத்த வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதை நடத்திய பெல்ஃபோர்ட் லாசன் அப்போது ஆல்ஃபாவின் தேசியத் தலைவர். பணமும் சங்கத்தின் பணம். ஒமேகா சை ஃபை 1924இல் நடத்திய கறுப்பின வரலாற்று, இலக்கிய வாரத்தை அடியொற்றித்தான் அதன் உறுப்பினரான வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். இன்று பிப்ரவரி முழுவதும் அமெரிக்கப் பள்ளிகளில் கொண்டாடப்படும் வரலாற்று மாதத்தின் வேர் அது.

எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பியில் செய்த வேலை. 1935 முதல் 1942 வரை கோடைதோறும், டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில், சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் செவிலியர்களும் ஆசிரியைகளும் அந்த மாநிலத்தின் பருத்தி வயல்களுக்குப் போனார்கள். அங்கே விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டிருந்த கறுப்பின உழவர் குடும்பங்களை மருத்துவ முகாமுக்கு வர நிலவுடைமையாளர்கள் விடவில்லை. முகாமை ஓரிடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்து பயனில்லை என்று கண்ட அந்தப் பெண்கள், தாங்கள் வந்த சொந்தக் கார்களையே மருந்தகமாக மாற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மரத்தடியில் காரை நிறுத்தி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். இப்படிப் போனவர்கள் கல்லூரி மாணவியர் அல்லர்; முப்பதும் நாற்பதும் தாண்டிய, வீடும் வேலையும் உள்ள பெண்கள், தங்கள் விடுமுறையைக் கொடுத்து வந்தவர்கள். தனித்தனியாக அழைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று தெரியாது. சங்கம் அழைத்ததால் வந்தார்கள்.

உறுப்பினர் இறந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் ஒருவர் காலமானால் அவர் "ஒமேகா கிளைக்கு மாற்றப்பட்டார்" என்று பதிவு செய்வார்கள். கிரேக்க எழுத்துகளில் கடைசி எழுத்தைப் பெயராகக் கொண்ட அந்தக் கிளை மறைந்தவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நல்லடக்கத்துக்கு முன்பு, தேவாலயத்திலோ இறுதிச் சடங்கு மண்டபத்திலோ, கறுப்பு உடையில் உறுப்பினர்கள் வரிசையாக உள்ளே வந்து பெட்டியைச் சுற்றி நின்று தங்கள் சடங்கை நடத்துவார்கள். இறந்தவருடைய பேரப்பிள்ளைகளுக்கே பாதிப் பேரை அடையாளம் தெரியாது. இருபது வயது மாணவனும் எண்பது வயதுக்காரரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்த்துத்தான் தங்கள் தாத்தாவுக்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்ததையே அவர்கள் அறிவார்கள். கிங்குக்கும் இதே மரியாதை வேறு அளவில் நடந்தது. வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று 1984இல் முன்மொழிந்தது அவருடைய ஃபிரட்டர்னிட்டி. நாடாளுமன்ற ஒப்புதல் 1996இல் கிடைத்தது. சுமார் 12 கோடி டாலர் திரட்டி, 2011 அக்டோபர் 16 அன்று திறப்பு விழா நடந்தது. முன்மொழிந்தவர்களில் எல்லாரும் திறப்பு விழாவைப் பார்க்க இருந்திருக்க முடியாது. 27 ஆண்டுகள் ஒரு கோரிக்கையைத் தலைமுறை மாற்றிச் சுமப்பதற்கு அமைப்பு வேண்டும்.

இப்போது உங்கள் மகன் சேர நினைப்பது அனேகமாக இந்த வகைச் சங்கமாக இருக்காது. வளாகத்துக்கு வெளியே வீடு வைத்திருக்கும் பொதுவான ஃபிரட்டர்னிட்டிகளின் வாழ்நாள் தாக்கம் வேறு மாதிரியானது: பெரும்பாலும் தொடர்புகளும் வேலைவாய்ப்பும். இதைப் பற்றி, ஃபிரட்டர்னிட்டிகள் பிறந்த அதே யூனியன் கல்லூரியைச் சேர்ந்த பொருளியலாளர்கள், வடகிழக்குப் பகுதிக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை வைத்து ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். சங்கத்தில் சேர்ந்த ஆண்களின் மதிப்பெண் சராசரி, நான்கு புள்ளி அளவுகோலில், கால் புள்ளி குறைகிறது, ஆனால் பின்னாளைய வருமானம் சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்பது அவர்களுடைய கணிப்பு. இது ஒரே கல்லூரியைப் பற்றியது என்பதை மறக்கக் கூடாது. சேருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வசதியும் பேச்சுத் திறமையும் உள்ளவர்கள் என்பதைக் கணக்கில் கழிக்க அவர்கள் முயன்றிருந்தாலும், அதை முழுமையாகக் கழிப்பது எளிதல்ல. ஆனாலும் திசை சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: படிப்பில் கொஞ்சம் இழப்பு, ஆள் பழக்கத்தில் லாபம்.

இழப்பு படிப்போடு நிற்பதில்லை. அதே 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், கல்லூரிக் காலத்தில் ஃபிரட்டர்னிட்டி வீட்டில் குடியிருந்த ஆண்களில் 45 சதவீதம் பேரிடம் 35 வயதிலும் மதுப் பழக்கக் கோளாற்றின் அறிகுறிகள் காணப்பட்டன. வீட்டில் குடியிருப்பது என்பதை இங்கே கவனியுங்கள். வெறுமனே உறுப்பினராக இருப்பதும் அந்த வீட்டிலேயே தூங்கி எழுவதும் ஒன்றல்ல. வாழ்நாள் தாக்கம் என்று சங்கத்தின் விளம்பரத் தாள்கள் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை.

அடுத்தது நம் வீடுகளில் எல்லாரும் பயப்படும் விஷயம், புதிதாகச் சேர வருபவர்களை வதைக்கும் ஹேஸிங். நம் ஊர் ராகிங்கோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ராகிங்கில் மாட்டிக்கொள்பவன் தப்பிக்கத்தான் பார்ப்பான், இங்கே அவனே விரும்பி, சேருவதற்கான விலையாக அதை ஏற்றுக்கொள்கிறான். விலை கூடக் கூட வாங்கிய பொருளின்மேல் மதிப்பும் கூடும் என்பதை எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இலேயே ஒரு சோதனையில் காட்டினார்கள்: ஒரு குழுவில் சேரக் கடுமையான சங்கடத்தைத் தாங்கியவர்கள், எளிதாகச் சேர்ந்தவர்களைவிட, சலிப்பூட்டும் அந்தக் குழுவை அதிகம் மெச்சினார்கள். ஐம்பது வயதிலும் "அந்த ஒரு வாரம்தான் என்னை மனிதனாக்கியது" என்று சிலர் சொல்வதில் உண்மையான பாசமும் இருக்கிறது, பட்ட அடியை நியாயப்படுத்தும் மனமும் இருக்கிறது. இரண்டையும் அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. யேலில் டெல்டா காப்பா எப்சிலான் கிளையின் தலைவராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ், உறுப்பினர்களுக்குச் சூடு வைக்கும் வழக்கம் 1967இல் செய்தியானபோது, அது வெறும் சிகரெட் சூடு அளவுதான் என்று நியூயார்க் டைம்ஸிடம் சமாதானம் சொன்னார். இளம் வயதுப் பேச்சு என்று விட்டுவிடலாம், ஆனால் பேச்சின் தொனி இன்றுவரை மாறவில்லை.

கறுப்பினச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. சேர்க்கைக்கு முந்தைய நீண்ட பயிற்சிக் காலத்தை, உயிரிழப்பு நேர்ந்த பிறகு, 1990இல் எல்லாச் சங்கங்களும் அதிகாரப்பூர்வமாக ஒழித்தன. அது மறைவில் தொடர்ந்தது. கறுப்பினச் சமூகத்துக்கு உள்ளிருந்தே, சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் போன்றவர்கள் 1950களிலேயே இவற்றின் விருந்து, ஆடம்பரம், மேட்டுக்குடி மனப்பான்மை ஆகியவற்றைக் கடுமையாகச் சாடியிருக்கிறார்கள். அந்தச் சாடலிலும் நியாயம் உண்டு. சந்தா கட்ட முடியாதவருக்கு அங்கே இடம் குறைவு.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில் நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. புதிதாகச் சேர வந்த 19 வயது மாணவனுக்கு வரம்பில்லாமல் மது கொடுத்தார்கள். அவன் மாடிப்படியில் விழுந்து அடிபட்டான். விடிந்து வெகுநேரம் ஆகும்வரை யாரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. வீட்டிலிருந்த கண்காணிப்புக் கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தன. அத்தனை பேரில் ஒருவர் தொலைபேசியை எடுத்திருந்தால் போதும். எடுக்கவிடாமல் தடுத்தது, சங்கத்துக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற அதே விசுவாசம். ஐம்பது ஆண்டு கழித்துச் சவப்பெட்டி அருகே வந்து நிற்கவைக்கும் விசுவாசமும் இதுவும் வெவ்வேறு சரக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் பிறகு பல்கலைக்கழகங்கள் ஏன் இவற்றை மூடவில்லை என்று கேட்பீர்கள். வில்லியம்ஸ், போடன், மிடில்பெரி போன்ற சில சிறு கல்லூரிகள் மூடியிருக்கின்றன. டார்ட்மத் 1999இல் கைவைக்கப் பார்த்து, மாணவர்களும் பழைய மாணவர்களும் கொதித்தெழுந்ததில் பின்வாங்கியது. ஹார்வர்ட் 2016இல் ஒரே பாலினச் சங்கங்களில் சேர்ந்தவர்களுக்குத் தலைமைப் பொறுப்புகளைத் தடுத்தது, வழக்குகள் வந்தன, 2020இல் விதியையே கைவிட்டது. நன்கொடை தரும் பழைய மாணவர் ஒருவர் தம் கல்லூரியை நினைக்கும்போது வகுப்பறையை நினைப்பதில்லை, அந்த வீட்டைத்தான் நினைக்கிறார். வாழ்நாள் தாக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நிர்வாகங்களுக்குத் தேவைப்படவில்லை.

தெற்காசிய மாணவர்களுக்கென்று வந்த சங்கங்களில் உங்கள் மகன் சேர நினைத்திருக்கலாம். டெக்சஸில் 1998இல் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை, லாஸ் ஏஞ்சல்ஸில் 1999இல் தொடங்கிய பீட்டா கை தீட்டா போன்றவை அவை. நம் பிள்ளைகளும் இவற்றில் இருக்கிறார்கள். இவற்றின் முதல் தலைமுறைக்கே இப்போதுதான் நாற்பதுகளின் பாதி வயது. ஆயுசுக்கும் வருமா என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

அனுமதி கொடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்வேன். அந்தக் கிளையில் படிப்பை முடித்துப் பத்து, இருபது ஆண்டுகள் ஆனவர்கள் என்ன செய்கிறார்கள், இன்னும் கூடுகிறார்களா, கூடினால் எதற்காகக் கூடுகிறார்கள் என்பது முதலாவது. இதற்கு உங்கள் மகனிடம் பதில் இருக்காது, கிளையின் ஆலோசகராக இருக்கும் மூத்த உறுப்பினரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கிளையின் மீது ஹேஸிங் புகார் உண்டா என்பது இரண்டாவது. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தின்படி, ஹேஸிங்கில் விதி மீறியதாக உறுதியான சங்கங்களின் விவரங்களைப் பல்கலைக்கழகங்கள் பொதுவில் வெளியிட வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். மூன்றாவது, வீட்டில் குடியேறுவது கட்டாயமா என்பது. கட்டாயம் இல்லையென்றால், சேரட்டும், ஆனால் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டாம் என்று சொல்வேன்.